நிலாப் பார்க்கலாமா?



கடைசியாக நீங்கள் எப்போது பிறை பார்த்தீர்கள்? பிறை தென்பட்டதாக வானொலியில் கேட்டதையோ, கைத்தொலைபேசியில் செய்தி வந்ததையோ நான் கேட்கவில்லை. உங்கள் சொந்தக் கண்ணால், மேற்கு வானத்தில், மஃரிபுடைய நேரத்தில் பார்த்ததைத்தான் கேட்கிறேன். பதில் சொல்லச் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறதல்லவா? இன்னுமொரு கேள்வி. நம் நாட்டில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை நாள். பாடசாலை இல்லை, கந்தோர் இல்லை. விடுமுறையை ஒன்று விடாமல் எடுத்துக்கொள்கிறோம். அந்த விடுமுறையைத் தந்த நிலாவை முற்றத்திற்கு வந்து ஒரு தடவையாவது பார்க்கிறோமா?

ஜப்பானியரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் பலர் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். அவர்களிடம் 'த்ஸுகிமி' என்றொரு வழக்கம் உண்டு. நிலாப் பார்த்தல் என்பதுதான் அச்சொல்லின் பொருள். அவர்களுடைய பழைய சந்திரக் கணக்கில் எட்டாம் மாதத்துப் பதினைந்தாம் இரவு அதற்குரியது. செப்டம்பரிலோ ஒக்டோபர் முற்பகுதியிலோ அது வரும். நம் ஊர்க் கணக்கில் ஆவணிக் கடைசி அல்லது புரட்டாதிப் பௌர்ணமி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் தணிந்து வானம் தெளியும் இலையுதிர் காலம் அது. சீனாவிலிருந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஜப்பானிய அரசவைக்கு வந்து சேர்ந்த பழக்கம், பின்னர் குடியானவர் வீடுகளுக்கும் பரவியது.

அவர்கள் தோட்டம் அமைக்கும்போதே நிலாவையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். கியோத்தோ நகரத்துக் கத்ஸுரா அரண்மனைத் தோட்டம் பதினேழாம் நூற்றாண்டில் அமைக்கப்பட்டது. அங்கே குளத்தை நோக்கி மூங்கிலால் ஒரு மேடை போட்டிருக்கிறார்கள். நிலாப் பார்ப்பதைத் தவிர அந்த மேடைக்கு வேறு வேலை இல்லை. அதே நகரில் தைக்காகுஜி என்ற கோயில் இருக்கிறது. சாகா என்ற பேரரசரின் மாளிகையாக இருந்து, 876ஆம் ஆண்டில் கோயிலாக மாற்றப்பட்டது அது. அதன் குளத்தில் இன்றைக்கும் அந்த நாட்களில் ஓடம் விட்டு, வானத்து நிலாவையும் தண்ணீரில் தெரியும் நிலாவையும் பார்க்கிறார்கள். சாதாரண வீடுகளில் நாணலைப் போன்ற ஒரு புல்லைப் பூவோடு சாடியில் வைத்து, அரிசி மாவில் பிடித்த பதினைந்து உருண்டைகளை அடுக்கி, சேம்பங்கிழங்கு அவித்து வைத்துக்கொண்டு திண்ணையில் அமர்வார்கள். நூடில்ஸ் மேல் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, மஞ்சள் கருவை நிலாவென்று சொல்லி விற்கும் கடைகளும் அங்கே உண்டு. வியாபாரிகள் எங்கும் வியாபாரிகளே!

என்னை அதிகம் கவர்ந்தது அவர்கள் இரவுகளுக்கு வைத்திருக்கும் பெயர்கள்தான். பௌர்ணமிக்குப் பின் நிலா ஒவ்வோர் இரவும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தித்தான் உதிக்கும். பதினாறாம் இரவின் நிலாவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'தயங்கும் நிலா'. பதினேழாம் இரவுக்கு 'நின்று காத்திருக்கும் நிலா'. பதினெட்டுக்கு 'உட்கார்ந்து காத்திருக்கும் நிலா'. பத்தொன்பதுக்கு 'படுத்துக் காத்திருக்கும் நிலா'. எத்தனை இரவுகள் வாசலில் காத்துக் கிடந்திருந்தால் இப்படிப் பெயர் வைக்கத் தோன்றியிருக்கும்! மேகம் மூடி நிலாவே தெரியாத பௌர்ணமிக்கும் ஒரு பெயர், மழை பெய்யும் பௌர்ணமிக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தெரியாவிட்டாலும் கூடி அமர்கிறார்கள்.

"மௌலவி, இதெல்லாம் நமக்கு எதற்கு? மாற்று மதத்தார் விழாவல்லவா?" என்று சில சகோதரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நிலாவுக்குப் படையல் வைப்பது நம்முடையதல்ல. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. சூரியனுக்கும் சந்திரனுக்கும் ஸுஜூது செய்யாதீர்கள், அவற்றைப் படைத்தவனுக்கே செய்யுங்கள் என்பது ஃபுஸ்ஸிலத் அத்தியாயத்தில் வரும் கட்டளை. நபி இப்றாஹீம் (அலை) அவர்கள் சந்திரனைப் பார்த்ததும், அது மறைந்தபோது தம் சமூகத்தாருக்குச் சொன்னதும் அல்அன்ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. மறைந்து போவதை வணங்க முடியாது. ஆனால் கவனியுங்கள்: அது மறைவதைச் சொல்வதற்கும் முதலில் அதைப் பார்த்திருக்க வேண்டும். பார்ப்பதை மார்க்கம் எங்கும் தடுக்கவில்லை.

தடுக்காதது மட்டுமா? ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் புகாரியில் பதிவாகியிருக்கிறது. பதினான்காம் இரவு, நபி (ஸல்) அவர்கள் தோழர்களோடு அமர்ந்திருக்கிறார்கள். முழுநிலாவை ஏறிட்டுப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, இந்த நிலாவை நெருக்கடியின்றி எல்லோரும் காண்பதுபோல் மறுமையில் உங்கள் இறைவனைக் காண்பீர்கள் என்ற கருத்தைச் சொல்லி, சூரியன் உதிக்குமுன்னும் மறையுமுன்னும் உள்ள தொழுகைகளைத் தவறவிடாதீர்கள் என்று அறிவுறுத்துகிறார்கள். நெருக்கடியின்றி என்ற அந்த இடத்தில் சற்று நில்லுங்கள். கடையில் ஒரு பொருளைப் பார்க்க வேண்டுமானால் முண்டியடிக்க வேண்டும். நிலாவைப் பார்க்க யாரையும் தள்ள வேண்டியதில்லை. ஏழையின் குடிசை வாசலிலிருந்தும் அது முழுதாகத்தான் தெரியும். ஜாபிர் இப்னு ஸமுரா (ரலி) அவர்களோ ஒரு நிலவு இரவில் நிலாவையும் நாயகத்தின் திருமுகத்தையும் மாறி மாறிப் பார்த்து, நாயகமே அழகு என்று தீர்மானித்ததாகத் திர்மிதீயில் வருகிறது. ஸஹாபாக்கள் நிலாப் பார்த்தவர்கள்.

இரவுகளுக்குப் பெயர் வைத்ததிலும் அரபிகள் குறைந்தவர்களல்லர். மாதத்தை மும்மூன்று இரவுகளாகப் பிரித்து ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு பெயர் சூட்டினார்கள். முதல் மூன்று 'குரர்'. 13, 14, 15 ஆகிய மூன்றும் வெண்மையான இரவுகள், 'பீழ்'. அதன் பின் இருள் கூடக் கூட ளுலம், ஹனாதிஸ் என்று போய், கடைசி மூன்றும் 'முஹாக்', அதாவது நிலா தேய்ந்து அழிந்துபோன இரவுகள். அய்யாமுல் பீழ் நோன்பு பிடிக்கும் நம் தாய்மார்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. நாட்காட்டியில் வட்டமிட்டு நோன்பு பிடிக்கிறார்கள். நோன்பு திறந்தபின் கிழக்கே ஒரு தடவை எட்டிப் பார்த்தால் அந்தப் பெயருக்கான காரணம் தெரிந்துவிடும்.

இனி நம் யாழ்ப்பாணத்துக்கு வருவோம். ஜப்பானில் வானம் தெளியும் அந்த இலையுதிர் காலம் இங்கே வந்து சேரும்போது நிலைமை தலைகீழாகிவிடுகிறது. ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் மார்கழி வரை வானம் நமக்குச் சொந்தமில்லை. குடாநாட்டின் மழையில் பெரும்பங்கு அந்த மூன்று மாதங்களில்தான் கொட்டும். ஆகவே இங்கே நிலாவின் காலம் வேறு. சோளகம் வீசும் வறண்ட மாதங்களிலும், மழை ஓய்ந்த தை, மாசி, பங்குனியிலும்தான் யாழ்ப்பாணத்து நிலாவைப் பார்க்க வேண்டும். மாலையில் மேற்கே வெயில் இறங்க, அதே வேளையில் கிழக்கே பனைகளுக்கு மேலாகப் பதினான்காம் நிலா ஏறும். வெண்மணல் முற்றமும், கிடுகு வேலியும், கிணற்றடியும் பகலில் பார்த்தவைதானா என்று தோன்றும். மாசி, பங்குனிப் பிறை தோணி போல மல்லாந்து கிடக்கும். நாம் பூமத்திய ரேகைக்குச் சமீபமாக இருப்பதால் வருவது இது. ஜப்பானிலிருந்து பார்ப்பவருக்கு அதே பிறை வேறு சாய்வில் தெரியும்.

யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு நிலா என்றால் முதலில் பிறைதான். சோனகத் தெரு, ஐந்து சந்தி, ஒட்டுமடம், பொம்மைவெளி என்று நெருங்கி வாழ்ந்த மக்கள். மேற்கே சிறிது தூரம் நடந்தால் நாவாந்துறைக் கரை, அதற்கப்பால் கடல்நீரேரி. பிறை தேடுவதற்கு இதைவிட வசதியான அடிவானம் வேண்டியதில்லை. ஷஃபான் 29 அன்று அஸர் தொழுத கையோடு சிறுவர்கள் கூட்டமாகப் புறப்படுவதும், எவன் முதலில் காண்பது என்று சண்டை பிடிப்பதும், மேகக் கீற்றைக் காட்டிப் பிறை என்று கூவி ஏச்சு வாங்குவதும், வீட்டு மதிலுக்கு மேலால் தலைகளை நீட்டிப் பெண்கள் "கண்டாச்சா, கண்டாச்சா?" என்று கேட்பதும் பெரியவர்கள் வாயிலாக நாம் கேட்கும் கதைகள். கண்டதும் சிறுவர்கள் மூச்சிரைக்கப் பள்ளிவாசலுக்கு ஓடுவார்களாம்.

1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. அன்று யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறும்படி தமிழீழ விடுதலைப் புலிகளால் உத்தரவிடப்பட்டார்கள். சாவகச்சேரி முஸ்லிம்கள் அதே மாத நடுவிலேயே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். வட மாகாணம் முழுவதிலுமாக ஏறக்குறைய 75,000 பேர். அது ஹிஜ்ரி 1411, ரபீஉல் ஆகிர் மாதத்தின் வளர்பிறைக் காலம். அடுத்த பௌர்ணமி நவம்பர் 2இல் வரவிருந்தது. அந்த இரவில் வவுனியாப் பாதையில் போனவர்களிடம் நிலா தெரிந்ததா என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் பட்டப் பகல் போல் இருந்தது என்பார். இன்னொருவர் ஒரே மழை இருட்டு என்பார். மூன்றாமவர், மேலே பார்க்கிற நிலையிலா நாம் இருந்தோம் என்பார். அந்த மூன்றாமவரோடு எனக்குத் தர்க்கமில்லை.

அந்த மக்களில் பெரும்பாலோர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கிடுகுக் கொட்டில்களில் ஒதுங்கினார்கள். 1991 மார்ச் நடுப்பகுதியில் அகதியாக முதல் ரமழான் வந்தது. கற்பிட்டிப் பக்கம் மேற்கே திறந்த கடல்; பிறைக்குக் குறைவில்லை. யார் யாரோடு சேர்ந்து பார்ப்பது, கண்டால் எந்தப் பள்ளிவாசலில் போய்ச் சொல்வது என்பதுதான் குறை. ஒரு தெருவில் இருந்தவர்கள் பல முகாம்களுக்குச் சிதறிப் போயிருந்தார்கள்.

இந்த இடத்தில் ஆயிஷா (ரலி) அன்னையாரின் ஒரு பேச்சு எனக்கு நினைவுக்கு வரும். தம் சகோதரி மகன் உர்வாவிடம், இரண்டு மாதங்களில் மூன்று பிறைகளைப் பார்ப்போம், அதுவரைக்கும் நபியவர்களின் வீடுகளில் அடுப்பு மூட்டப்பட்டிருக்காது என்ற கருத்தில் அன்னையார் சொன்னார்கள். பேரீச்சம்பழமும் தண்ணீரும்தான் அந்நாட்களில் உணவு. பசியைப் பிறையால் எண்ணிய வீடு அது. சகோதரிகளே, முகாமில் அடுப்பெரிய வழியின்றி அடுத்த நிவாரண நாளை எண்ணிக்கொண்டிருந்த உங்களில் எத்தனையோ பேருக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. பிறை ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் உரியது என்று எவரும் சொன்னால் இந்த ஹதீஸைக் காட்டுங்கள்.

2002 போர்நிறுத்தத்தின் பின் ஏ-9 பாதை திறக்கப்பட்டபோது சிலர் திரும்பி வந்தார்கள். 2009இல் போர் முடிந்தபின் இன்னும் சிலர். ஆனாலும் முன்பிருந்த குடும்பங்களில் ஒரு பகுதிதான் வந்திருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு புத்தளத்தில், வாப்பாவின் வியாபாரம் யாழ்ப்பாணத்தில் என்று இரண்டு காலில் நிற்கும் குடும்பங்கள் பல. வீட்டுச் சுவர் இடிந்து, உறுதிப்பத்திரம் தொலைந்து, இது நம் வளவு என்று நிரூபிக்கப் பழைய அயலவரின் சாட்சியத்தைத் தேடி அலைந்தவர்களும் உண்டு. சாட்சி என்பது எவ்வளவு பெரிய சொத்து என்பது அவர்களுக்குத் தெரியும்.

பிறையின் சட்டமும் சாட்சியின் சட்டம்தான். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் ரமழான் பிறைக்கு நேர்மையான ஒருவரின் சாட்சியம் போதும். ஷவ்வால் பிறைக்கு இருவர் வேண்டும். இப்னு உமர் (ரலி) அவர்கள், மக்கள் பிறை தேடிக்கொண்டிருந்தபோது தாம் கண்டதாக நபியவர்களிடம் தெரிவிக்க, நபியவர்கள் தாமும் நோன்பு நோற்று மக்களையும் நோற்கச் சொன்ன செய்தி அபூதாவூதில் இருக்கிறது. இதில் கண்டவர் ஒருவர். மற்றவர்கள் அவரை நம்பினார்கள். பார்க்கச் சிலர், அவர்களை அறிந்து நம்பப் பலர்: இந்த இரண்டும் இருந்தால்தான் ஒரு மஹல்லா. ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறியாத இடத்தில் எவரது சாட்சியை எவர் ஏற்பது?

இன்னொரு சம்பவம் முஸ்லிம் கிரந்தத்தில் வருகிறது. குறைப் என்பவர் ஷாம் தேசத்தில் வெள்ளி இரவு பிறை கண்டுவிட்டு மதீனா வருகிறார். மதீனாவிலோ சனி இரவுதான் கண்டிருக்கிறார்கள். முஆவியா (ரலி) அவர்கள் கண்டது நமக்குப் போதாதா என்று அவர் கேட்க, போதாது, நாம் காணும் வரை அல்லது முப்பதைப் பூர்த்தி செய்யும் வரை நோன்பைத் தொடர்வோம் என்ற கருத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் மறுத்துவிட்டார்கள். தூரத்து ஊரின் பிறை வேறு, நம் ஊரின் பிறை வேறு என்று ஷாஃபிஈ இமாம்கள் கொள்வதற்கு இது ஓர் ஆதாரம். இலங்கை சிறிய தீவாகையால் நாடு முழுவதற்கும் ஒரே பிறை என்று வைத்து, எங்கு கண்டாலும் கொழும்பு பெரிய பள்ளிவாசலில் கூடும் பிறைக்குழுவுக்கு அறிவித்து, அங்கிருந்து அறிவிப்பு வருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லோரும் அறிவிப்புக்காக உள்ளே காத்திருந்தால், அறிவிப்பதற்கு வெளியே யார் இருப்பார்கள்? மாதத்தின் 29ஆம் மாலையில் பிறை தேடுவதை ஃபர்ளு கிஃபாயா என்று ஃபுகஹாக்கள் எழுதியிருப்பதை நாம் ஜனாஸாத் தொழுகையைப் பற்றி நினைக்கும் அளவுக்கு நினைப்பதில்லை.

2013 ஆகஸ்ட்டில் கிண்ணியாவில் ஷவ்வால் பிறை கண்டதாகச் சாட்சியம் வந்து, அது கொழும்பில் ஏற்கப்படாமல், அவ்வூரார் ஒரு நாளும் ஏனையோர் மறுநாளும் பெருநாள் கொண்டாடியது உங்களுக்கு நினைவிருக்கும். தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. அந்த நாட்களில் திண்ணை தோறும் நடந்த வாதத்தில் கலந்துகொண்ட ஆயிரம் பேரில், அன்று மாலை மேற்கே பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் என் கேள்வி.

"கணக்குத்தான் இருக்கிறதே, எதற்குக் கண்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். சந்திர மாதத்தின் சராசரி அளவு 29 நாள் 12 மணி 44 நிமிடம் என்பது வானியலார் துல்லியமாகக் கண்டது. கணக்கை நான் இகழவில்லை. பிறை அடிவானத்தில் இருக்கவே முடியாத நாளில் ஒருவர் கண்டேன் என்றால், கணக்கைக் கொண்டு அச்சாட்சியைத் தள்ளலாம் என்று ஷாஃபிஈ மேதை தகிய்யுத்தீன் ஸுப்கி அவர்கள் ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டிலேயே எழுதினார்கள். கணக்கு கண்ணுக்குக் காவல். ஜப்பானையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் அவர்கள் சந்திரனில் ஒரு விண்கலத்தை இறக்கினார்கள். குறித்த இடத்துக்கு நூறு மீற்றருக்குள் இறக்குவது அவர்கள் வைத்த இலக்கு; அந்த இலக்கையும் எட்டினார்கள். அதே ஆண்டு புரட்டாதியில் அரிசி உருண்டை பிடித்துத் திண்ணையில் உட்காரவும் அவர்கள் மறக்கவில்லை. எல்லாம் கணக்கிட்டுத் தெரிந்தவர்களே பார்க்கிறார்கள்.

ஆகவே வாசகர்களே, இந்த மாதம் 29ஆம் நாள் மாலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் நாவாந்துறைக் கரைக்கோ பண்ணைப் பாலத்துக்கோ போகலாம். சூரியன் எந்த இடத்தில் இறங்குகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனி மாதத்தில் அராலிப் பக்கமாகவும் மார்கழியில் வேலணைப் பக்கமாகவும் அது நகர்ந்திருக்கும். சூரியன் முற்றாக மறையுமுன் அந்தத் திசையில் உற்றுப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு. பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மறைந்து கால் மணி நேரம் சென்றதும், சூரியன் இறங்கிய இடத்துக்குச் சற்று மேலே, ஒரு புறமாகத் தேடுங்கள். முதல் பிறை நூலிழை போலிருக்கும். கொஞ்ச நேரத்தில் அதுவும் இறங்கிவிடும். மஃரிப் தொழுகையை அதற்காகப் பிற்போட வேண்டாம். கரையிலேயே விரிப்புப் போட்டுத் தொழலாம். கண்டால் அந்த துஆவை ஓதுங்கள். பிறையை நோக்கி, உனக்கும் எனக்கும் ஒரே இறைவன்தான் என்று சொல்லும் துஆ அது. அதன் பொருளைப் பிள்ளைகளுக்கு அந்த இடத்திலேயே சொல்லிக் கொடுங்கள். நிலாவை வணங்குவதற்கும் நிலாவைப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கத் தனியாகப் பாடம் வேண்டியிருக்காது.

பதினான்காம் இரவும் அப்படியே. மொட்டை மாடியோ முற்றமோ, விளக்குகளைச் சற்று அணைத்துவிட்டு, இராச்சாப்பாட்டை அங்கே கொண்டு வந்து வையுங்கள். உம்மும்மாவையும் கதிரை போட்டு உட்கார வையுங்கள். சோனகத் தெருவில் எந்தச் சந்தில் யார் வீடு இருந்தது, எந்தக் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்பதெல்லாம் அந்த வெளிச்சத்தில் அவருக்குத் தானாக நினைவுக்கு வரும். பிள்ளைகள் கேட்கட்டும்.

பிறையைக் கண்டவர்கள் வீட்டோடு வைத்துக்கொள்ளாமல், அது எந்த மாதத்துப் பிறையாக இருந்தாலும், இஷாவுக்கு முன் பள்ளிவாசலில் வந்து சொல்லுங்கள். எந்தத் திசை, எவ்வளவு உயரம், கொம்புகள் எந்தப் பக்கம் பார்த்தன, எத்தனை மணி என்று கேட்பார்கள். கோபிக்காதீர்கள், கேட்க வேண்டியவைதான். ஷவ்வால் பிறையென்றால் இரண்டு பேராக வாருங்கள்.